கருணை யார் வீட்டு வாசல் வரை? பௌத்தம் பற்றி ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

கேள்வி, 7 மார்ச் 2025

"இலங்கையில் பிக்குகள் போருக்கு ஆசி கொடுத்ததைப் பார்த்தாச்சு. மியான்மரில் விராது என்கிற பிக்கு முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசியதையும் கேட்டாச்சு. இன்னொரு பக்கம், ஏசி ஹாலில் கண்ணை மூடிக்கொண்டு 'எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும்' என்று மூச்சு விடுகிறவர்கள். இதில் பௌத்தக் கருணை என்று ஒன்று எங்கே இருக்கிறது? இருந்தால் தெருவில் அது என்ன செய்கிறது?"

9 மார்ச் 2025

கேட்டவருக்குக் கோபம். அந்தக் கோபம் எனக்கும் உண்டு என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் கோலார் தங்கவயல்காரி. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே பௌத்தம். சுவரில் அயோத்திதாசப் பண்டிதர் படமும் அம்பேத்கர் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பௌர்ணமியன்று பஞ்சசீலம் என்கிற ஐந்து ஒழுக்க உறுதிகளைச் சொல்வோம். புத்தகம் படித்துப் பிடித்துப்போய் வந்தவள் இல்லை. அதனால் இந்தக் கேள்வியை வெளியில் நின்று வேடிக்கை பார்க்க எனக்கு வழியில்லை.

தியானத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் விடியற்காலையில் உட்காருகிறேன். உட்கார்ந்து எழுந்தவர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் அந்த நடை பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர்களின் ஏதாவது ஒரு லைன் வீட்டில்தான் போய் முடியும். சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். சுரங்கம் போனதோடு சிலிகோசிஸ் போகவில்லை. பாறைத் தூசியை வருஷக்கணக்கில் இழுத்த நுரையீரல் வேலை நின்ற பிறகும் இறுகிக்கொண்டேதான் போகும், அதைத் திருப்ப மருந்து கிடையாது. வெயில் காலத்தில், தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து புழுதி வேறு கிளம்பும். என் அப்பா சாம்பியன் ரீஃபில் அடியில் இறங்கி வேலை செய்தவர். அவர் கடைசி வருஷங்களில் படுத்துத் தூங்கியதே இல்லை. தலையணைகளை அடுக்கி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண் அயர்வார்.

நாங்கள் சில பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போகிறோம். பேனர் இல்லை, பதிவு எண் இல்லை. ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர், ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், வாரமெல்லாம் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்குப் போய்வந்து ஞாயிறன்று மட்டும் ஊரில் இருக்கும் பிள்ளைகள். கருணை தெருவில் என்ன செய்கிறது என்று கேட்டால், இங்கே முதலில் பெட்ஷீட் மாற்றுகிறது.

9 மார்ச், இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். கேள்வியின் முதல் பாதிக்கு, அதாவது காவி உடுத்திய வன்முறைக்கு, பெட்ஷீட் பதிலாகாது. அது தனியாக வர வேண்டும். வரும்.

16 மார்ச் 2025

கும்பகோணத்து நண்பர் ஒருவர் எழுதுகிறார்: "நோயாளி சேவையெல்லாம் மிஷனரிகளைப் பார்த்துப் பௌத்தர்கள் கற்றுக்கொண்டது. மூல பௌத்தம் துறவிகளின் மதம்."

மிஷனரிகளின் சேவையை மதிக்கிறேன். ஆனால் அண்ணா, பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. வயிற்றுப்போக்கு வந்த பிக்கு ஒருவர் தன் மலத்திலும் மூத்திரத்திலுமே கிடக்கிறார். சீடர் ஆனந்தரோடு அந்தப் பக்கம் வந்த புத்தர், "உன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையா?" என்று கேட்கிறார். இல்லை என்கிறார் பிக்கு. ஏன்? "நான் மற்ற பிக்குகளுக்கு எதுவும் செய்ததில்லை, அதனால் அவர்களும் என்னைப் பார்ப்பதில்லை." புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் தண்ணீர் ஊற்ற ஆனந்தர் கழுவுகிறார். ஒருவர் தலைப்பக்கம், ஒருவர் கால்பக்கம் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் சங்கத்தைக் கூட்டிப் பேசுகிறார். உங்களுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. நீங்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்? எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தும் இடம் அந்தப் பிக்குவின் பதில்தான். அவர் நல்லவராக இருந்ததால் கிடைத்த உதவி அல்ல அது. யாருக்கும் ஒன்றும் செய்யாத ஆள் என்று ஊரே கைவிட்டவருக்குக் கிடைத்தது. "அவன் யாருக்கு என்ன செஞ்சான்?" எங்கள் தெருவிலும் இதே கணக்கைத்தான் போடுவார்கள்.

அங்கேயே, நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தகுந்தவர் யார் என்றும் சொல்லியிருக்கிறது. மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்து கொடுக்க வேண்டும். லாபத்துக்காக இல்லாமல் அன்போடு செய்ய வேண்டும். மலம், மூத்திரம், எச்சில், வாந்தி எடுக்க அருவருக்கக் கூடாது. அவ்வப்போது நல்ல வார்த்தை பேசி மனசைத் தேற்றத் தெரிய வேண்டும். எங்கள் நர்ஸ் அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "டிரெயினிங்கில் இதையேதான் கஷ்டமான இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்தாங்க" என்றார்.

17 மார்ச்

அதே நண்பருக்கு இன்னும் ஒரு வரி. நீங்கள் கும்பகோணம், உங்களுக்கு மணிமேகலையை நான் சொல்லத் தேவையில்லை. அமுதசுரபி கையில் வந்ததும் அவள் பசித்தவர்களைத் தேடிப் போனாள். சிறைக்குள் கிடந்தவர்களுக்கும் சோறிட்டாள். அரசன் கூப்பிட்டு என்ன வேண்டும் என்றபோது சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் சொன்னாள். சோறு போட்டதோடு அவள் நிற்கவில்லை, கட்டடத்தையே மாற்றக் கேட்டாள். தமிழ்ப் பௌத்தம் இதைச் சொல்லி ஆயிரத்துச் சொச்சம் வருஷம் ஆகிறது.

30 மார்ச் 2025

மாண்டலே நிலநடுக்கச் செய்திகளை வெள்ளிக்கிழமையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். 28ஆம் தேதி நண்பகலில், 7.7 அளவில். ரமலானின் கடைசி வெள்ளி. ஜும்மா தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மேல் மசூதிகள் இடிந்து விழுந்திருக்கின்றன. அதே நேரத்தில் மாண்டலேயில் ஒரு மடாலயத்தில் பிக்குகள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள், அந்தக் கட்டடமும் அவர்கள் மேலேயே சரிந்துவிட்டது. இயந்திரங்கள் வந்து சேர்வதற்கு முன் அக்கம்பக்கத்து ஜனங்கள் கையாலேயே கல்லைப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள்.

மியான்மர் பௌத்தத்தை விராதுவின் முகத்தோடு மட்டும் முடித்துவிடுகிறவர்களிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

2007 செப்டம்பர். பகொக்கு ஊரில் ஊர்வலம் போன பிக்குகளை ராணுவம் அடித்தது. பிக்குகள் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. அதன் பிறகு ராணுவத்தாரிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் பிச்சை ஏற்பதில்லை என்று பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். பிக்குவுக்குச் சோறு போட்டால் புண்ணியம் என்று நம்பும் நாட்டில், உன் சோறு வேண்டாம் என்று ஒரு பிக்கு சொன்னால் அதற்கு மேல் தண்டனை இல்லை. அடிக்கவில்லை, கல்லெடுக்கவில்லை. எல்லா உயிர்களிடமும் அன்பு வேண்டும் என்கிற 'மெத்த சுத்தம்' என்ற பாலி சூத்திரத்தைச் சொல்லிக்கொண்டே ஆயிரக்கணக்கில் தெருவில் நடந்தார்கள். ராணுவம் சுட்டது, மடங்களுக்குள் புகுந்து பிடித்துப்போனது.

அடுத்த வருஷமே, 2008 மே, நர்கிஸ் புயல். இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 1,30,000க்கு மேல். அரசாங்கம் வெளிநாட்டு உதவியை ஆரம்பத்தில் உள்ளே விடவில்லை. டெல்டாவில் ஜனங்கள் ஓடி ஏறிய இடம் மடாலயங்கள்தான். முந்திய வருஷம் அடி வாங்கியவர்கள்தான் அரிசி சேர்த்து, படகு பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

2 ஏப்ரல் 2025

மேலே எழுதியது உண்மை. ஆனால் அதோடு விட்டால் பாதி உண்மை, முதல் நாள் தள்ளிவைத்த பாக்கியும் அப்படியே நிற்கும். இப்போது சொல்லிவிடுகிறேன்.

மியான்மரில் சித்தகு சயடோ என்று மிகப் பெரிய பிக்கு. சகைங் மலை மடங்களுக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தவர், கண் ஆஸ்பத்திரிகள் கட்டியவர், நர்கிஸ் நேரத்தில் நிவாரணம் கொண்டுபோனவர். சேவை என்றால் அவரிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர்தான் 2017 அக்டோபரில், ரோஹிங்யாக்கள் லட்சக்கணக்கில் வங்கதேசத்துக்கு ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ராணுவ அதிகாரிகள் முன்னால், இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சத்திலிருந்து ஒரு கதை சொன்னார். எந்தக் கதை? துட்டகைமுனு கதை. தமிழர் படையைக் கொன்று குவித்த மன்னன் மனம் கலங்கி இருக்கும்போது ஞானம் அடைந்த பிக்குகளான அரகந்தர்கள் வந்து, "நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான். ஒருவன் புத்தம், தம்மம், சங்கம் என்கிற திரிசரணம் எடுத்தவன், இன்னொருவன் பஞ்சசீலமும் எடுத்தவன். மற்றவர்கள் விலங்குக்குச் சமம்" என்று தேற்றிய கதை.

நான் தமிழச்சி, திரிசரணம் எடுத்தவள். அந்தக் கதையில் நான் எந்தப் பக்கம் நிற்பேன்? செத்தவர்கள் பக்கம்தான். அந்தக் கணக்குப்படி, திரிசரணம் மட்டும் என்றால் என் உயிர் அரைதான்.

இதிலிருந்து எனக்குப் புரிவது: ஆஸ்பத்திரி கட்டுவதால் மட்டும் கருணை வந்துவிடாது. தண்ணீர் கொடுக்கிற அதே கை, எவன் மனிதன், எவன் விலங்கு என்று கோடும் போடலாம். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகுதான் சேவையைப் பற்றிப் பேச வேண்டும்.

14 ஏப்ரல் 2025

இன்று அம்பேத்கர் பிறந்தநாள், ஊர் முழுக்க நீலக்கொடி. காலையில் ஊர்வலம் முடிந்து வந்து எழுதுகிறேன்.

அம்பேத்கர் தம்முடைய பௌத்த நூலின் முன்னுரையிலேயே ஒரு கேள்வியைப் போட்டு வைத்திருக்கிறார். பிக்குவை உருவாக்கியதன் நோக்கம் என்ன, குறையில்லாத தனி மனிதனை உண்டாக்குவதா, சமூக ஊழியனை உண்டாக்குவதா? தன்னை மட்டும் தேற்றிக்கொண்டவன் சுயநலக்காரன், அவனால் தம்மம் பரவாது, ஊழியன்தான் பௌத்தத்தின் நம்பிக்கை என்று அவரே பதிலும் சொல்கிறார். 1956 அக்டோபர் 14 நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு அவர் எடுத்த 22 உறுதிமொழிகளில், எல்லா உயிர்களிடமும் கருணை காட்டிக் காப்பேன் என்பதும் ஒன்று. அதே பட்டியலில் எல்லா மனிதரும் சமம், சமத்துவத்தை நிலைநாட்டப் பாடுபடுவேன் என்றும் வருகிறது. இரண்டும் ஒரே மூச்சில். சமம் என்று ஒப்புக்கொள்ளாதவன் காட்டும் கருணை, மேலே இருந்து கீழே வீசும் சில்லறை. அது எங்களுக்கு நன்றாகத் தெரியும், வாங்கிப் பார்த்திருக்கிறோம்.

அதற்கும் முன்னால் அயோத்திதாசர். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம், 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்'. அவர் சித்த வைத்தியர். நாடி பார்த்து மருந்து கொடுத்த கையாலேயே பத்திரிகையும் எழுதியவர். அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பத்திரிகை எங்கள் சாம்பியன் ரீஃபிலிருந்து வந்தது. ஷிஃப்ட் முடித்துத் தூசியோடு வந்த ஆட்கள் உட்கார்ந்து அதை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்ட தெருக்கள் இவை. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

27 ஏப்ரல் 2025

கோடு பற்றிச் சொன்னதை ஒருவர் பிடித்துக்கொண்டார்: "பழைய நூல்களில் இதற்கு ஏதாவது பயிற்சி இருக்கிறதா, அல்லது அம்பேத்கரை வைத்து நீங்கள் சொல்வதா?"

இருக்கிறது. புத்தகோசர் என்ற பழைய உரையாசிரியரின் விசுத்திமக்கம் என்ற தியான நூலில், மைத்திரி, அதாவது அன்புத் தியானம் பற்றிய பகுதியில். முதலில் தனக்கு, அப்புறம் நேசிக்கிறவருக்கு, அப்புறம் முன்பின் தெரியாதவருக்கு, கடைசியில் பகையாளிக்கு என்று அன்பைப் பரப்பிக்கொண்டே போக வேண்டும். போய்ச் சேர்ந்தோமா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு சோதனை. இந்த நான்கு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள். "உங்களில் ஒருவரைக் கொடுங்கள், கழுத்தை அறுத்துப் பலி கொடுக்க வேண்டும்." இவனை எடுத்துக்கொள் என்று எண்ணினால், தனக்கும் பிறருக்கும் நடுவில் இருக்கும் எல்லை உடையவில்லை. "என்னை எடுத்துக்கொள், அந்த மூவரை விட்டுவிடு" என்றாலும் உடையவில்லை. நான்கு பேரில் யாரையுமே கொடுக்க மனம் வராதபோதுதான் எல்லை உடைந்தது.

தன்னைப் பலி கொடுப்பதும் தேறாது என்கிற இடத்தைப் பலமுறை யோசித்திருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடும் பெண்களைத் தியாகச் செம்மல் என்று புகழும் ஊர் இது. புத்தகோசர் அதை ஏற்கவில்லை. நீயும் அந்த நான்கு பேரில் ஒருத்தி.

இனி நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதிக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீடு. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் எங்கள் ஆட்களுக்கு வாடகைக்கு வீடு விடாதவர். சாதியைச் சொல்லி வாசலில் வைத்துப் பேசியவர். பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். அவர் மனைவி யாரிடமோ கேட்டு எங்களுக்கு போன் செய்தார். அன்று குழுவில் பெரிய வாக்குவாதம். எங்கள் பெரியம்மா ஒருவர், அந்த வாசலில் வைத்து அவமானப்பட்டவர், "நான் வர மாட்டேன். நீங்க போறதை நான் தடுக்கல" என்று எழுந்து போய்விட்டார். நாங்கள் போனோம்.

முதுகுக்குக் கீழே புண், உள்ளங்கை அகலம். வாடை வாசல் வரைக்கும். நர்ஸ் அக்கா சலைனில் கழுவி, கறுத்த சதையை வெட்டாமல் சுற்றிலும் மட்டும் சுத்தம் செய்து, மெட்ரோநிடசோல் மாத்திரையைப் பொடித்து மெலிதாகத் தூவி, மேலே காஸ் வைத்தார். அந்தப் பொடி போட்டால் வாடை ஓரிரு நாளில் நன்றாகக் குறையும். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், தலையணையை முட்டிகளுக்கு நடுவில் எப்படி வைக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்குச் செய்து காட்டினோம். ஒரு நோட்டில் நேரம் போட்டுக் கொடுத்தோம்: 6 வலது, 8 இடது, 10 வலது.

அவர் எங்களைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. பேச்சு வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அழவும் இல்லை. கிளம்பும்போது அந்த அம்மா டீ கொண்டுவந்தார். வீட்டுக் கண்ணாடி டம்ளரில். குடித்தோம்.

18 மே 2025

மட்டக்களப்பிலிருந்து எழுதியவரின் குறிப்பை நேற்றிலிருந்து பலமுறை படித்துவிட்டேன். அவர் கேட்பது: "எல்லையை உடை என்று எங்களுக்கா சொல்லுறீங்கள்? காணாமல் போன பிள்ளையின்ட படத்தோட ரோட்டோரம் குந்தியிருக்கிற தாய்க்குப் பகையாளியை நேசி என்று சொல்லப் போறீங்களோ?"

இன்று முள்ளிவாய்க்கால் நாள். பதினாறு வருஷம். இல்லை, அக்கா, சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

ஏப்ரலில் எழுதியதைத் திரும்பப் படித்தபோது அதில் ஒரு பக்கம் கனம் கூடியிருப்பது தெரிகிறது. நாங்கள் அந்த வீட்டுக்குப் போனதை விரிவாக எழுதினேன், பெரியம்மா வராததை ஒரு வரியில் கடந்தேன். படிக்கிறவருக்கு அவர் பயிற்சியில் பின்தங்கியவர் போலத் தோன்றலாம். அப்படி இல்லை. அவர் வேறு எல்லா வீட்டுக்கும் வருகிறவர், குழுவில் யாரும் தொடத் தயங்கும் வேலையை முதலில் எடுப்பவர். அவமானப்பட்டவரிடம் போய், நீதான் முதலில் கருணை காட்ட வேண்டும் என்று கேட்பது இன்னொரு அவமானம். எல்லையை உடைக்கும் வேலை முதலில் எல்லையைப் போட்டவருடையது. பலம் யார் கையில் இருந்ததோ அவருடையது. ஆட்சியும் படையும் கையில் இருந்தவர்கள் பிள்ளைகள் எங்கே என்று பதில் சொல்வதற்கு முன்னால் தாய்மாரிடம் மைத்திரி பேசினால், வாயை மூடச் சொல்வதாகத்தான் அர்த்தம்.

பகையாளிக்கு அன்பு என்பது ஒருவர் தானாக எடுத்துக்கொள்ளும் பயிற்சி. விசுத்திமக்கமே பகையாளியிடம் ஆரம்பிக்காதே என்கிறது, அவரைக் கடைசியில்தான் வைக்கிறது. ஆரம்பிக்க வேண்டியது தன்னிடம்.

19 மே

இன்னும் ஒன்று, மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்கவும். கருணை காட்டு என்பதும் நீதி கேட்காதே என்பதும் வேறு வேறு. 2007இல் பாத்திரத்தைக் கவிழ்த்தவர்கள் ராணுவத்தாருக்கும் மைத்திரி சொல்லிக்கொண்டேதான் கவிழ்த்தார்கள்.

1 ஜூன் 2025

தானாக எடுத்துக்கொண்டவர் என்று எழுதியதும் மகா கோசானந்தா நினைவுக்கு வந்தார். கம்போடியப் பிக்கு. 1970களில் கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படையின் ஆட்சியில் அவர் குடும்பம் முழுக்க அழிந்தது. அவர் அப்போது தாய்லாந்துக் காட்டு மடத்தில் இருந்ததால் உயிர் தப்பினார். எல்லையில் அகதி முகாம்கள் வந்ததும் அங்கே போனார். மூங்கிலால் ஒரு சின்னக் கோயில் போட்டார். முகாமுக்குள்ளும் கெமர் ரூஜ் ஆட்கள் இருந்தார்கள், போகிறவர்களைக் கொல்வோம் என்று மிரட்டினார்கள். ஆனாலும் ஆயிரக்கணக்கில் வந்து கூடினார்கள். அவர் தம்மபதத்திலிருந்து ஒரே வரியை, பகை பகையால் தணிவதில்லை, அன்பால்தான் தணியும் என்பதை, திரும்பத் திரும்ப ஓதினார். கூட்டமும் கூட ஓதி அழுதது. பல வருஷமாக அந்த ஜனங்கள் ஒரு பிக்குவையே பார்க்காமல் இருந்தவர்கள்.

பிறகு 1992இல் தம்ம யாத்திரை. முகாம்களிலிருந்து திரும்பும் அகதிகளோடு தாய்லாந்து எல்லையிலிருந்து ப்நோம்பென் வரை நடந்தார்கள். 1993இல் ஐநா நடத்திய தேர்தலுக்கு முன்னால், ஜனங்கள் ஓட்டுப் போட வரவே பயந்திருந்த நேரத்தில், மறுபடியும். 1994இல் போர் நடக்கும் மேற்குப் பகுதி வழியாகப் போனபோது துப்பாக்கிச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு பிக்குவும் ஒரு துறவிப் பெண்ணும் செத்தார்கள். அடுத்தடுத்த வருஷமும் நடந்தார்கள். கண்ணிவெடிகளைத் தடை செய் என்று ஒரு வருஷம், காட்டை அழிக்காதே என்று ஒரு வருஷம்.

கோசானந்தாவின் மன்னிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் பார்ப்பது அவர் நடந்த தடத்தை. வெடி புதைந்த மண்ணின் பக்கத்தில், கிராமம் கிராமமாக. அந்தந்தக் கிராமத்து ஜனங்கள் வழியோரம் வாளியில் தண்ணீரும் ஊதுவத்தியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாத்திரை போகிறவர்கள் அந்தத் தண்ணீரை அவர்கள் மேல் தெளித்து அமைதி உண்டாகட்டும் என்றார்கள். பக்கத்து ஊருக்குப் போகவே பயந்தவர்களுக்கு, இத்தனை பேர் நடந்து வந்தார்கள் என்பதே பெரிய தைரியம்.

22 ஜூன் 2025

"எத்தனை நாளைக்கு முடியும்? இரண்டு மாதம் போனேன், மூன்றாம் மாதம் செய்தியைத் திறந்தாலே நெஞ்சு அடைக்கிறது. காசா, உக்ரைன், சூடான், இங்கே பக்கத்துத் தெரு" என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறாள்.

தங்கச்சி, விசுத்திமக்கம் இதையும் விட்டுவைக்கவில்லை. கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை. பக்கத்துப் பகை துக்கம், அதாவது தானும் சேர்ந்து மூழ்கிப்போவது. அது கருணை மாதிரியே இருக்கும், ஆனால் படுத்திருப்பவருக்கு அதனால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கிடைக்காது. என் அனுபவத்தில் தனியாகச் செய்கிறவர்தான் அதில் மூழ்குகிறார். குழுவாகப் போகும்போது ஒருவர் உடைந்த நாளில் இன்னொருவர் பேச்சை எடுத்துக்கொள்வார். திரும்பி வரும் வழியில் டீக்கடையில் நின்று எல்லாவற்றையும் பேசிவிட்டுத்தான் பிரிவோம். அது எங்களுக்கு விதி. புத்தர்கூட அந்தப் பிக்குவை ஆனந்தரோடு சேர்ந்துதான் தூக்கினார்.

இலங்கையில் சர்வோதயம் என்ற கிராம சேவை இயக்கம் இந்த வழியில்தான் வளர்ந்தது. 1958இல் ஆரியரத்ன என்ற பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். ரொடியர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஊர். பேச்சு கொடுக்கப் போகவில்லை, அவர்களோடு சேர்ந்து மண் வெட்டி, அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுத் தங்கினார்கள். அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை நான்கையும் ரோடு போடும் வேலைக்குள் கொண்டுவந்தார்கள். மைத்திரி எண்ணம், கருணை செயல், அந்தச் செயல் தரும் சந்தோஷம் முதிதை, பாராட்டையும் ஏச்சையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வது உபேட்சை. முதிதையை நான் குறிப்பாகச் சொல்கிறேன். ரோடு முடிந்த அன்று எல்லோரும் கூடிச் சாப்பிட்டுப் பாடுவது அந்த வேலையின் பகுதி. தங்கச்சி, உன் கணக்கில் அது இல்லை.

மட்டக்களப்பு அக்கா கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன்: சர்வோதயத்தால் போரை நிறுத்த முடியவில்லை. 1983 ஜூலையில் தமிழர்கள் மேல் நடந்த கலவரத்துக்குப் பிறகு கதிர்காமத்திலிருந்து நயினாதீவு வரை அமைதி நடை தொடங்கினார் ஆரியரத்ன. ஜனாதிபதி ஜெயவர்த்தனா கேட்டுக்கொண்டதும் நிறுத்திவிட்டார். நடந்து முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் மனசு இன்றும், முடித்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

13 ஜூலை 2025

எப்படித் தொடங்குவது என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். எங்களுக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன், உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

குறைந்தது மூன்று பேர் சேருங்கள். அதில் ஒருவராவது காயம், மருந்து தெரிந்தவராக இருக்கட்டும். இல்லாவிட்டால் அருகிலிருக்கும் வலி நிவாரணப் பிரிவில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள், கேரளத்தில் ஊர் ஜனங்களே கற்றுக்கொண்டு வார்டு வார்டாகச் செய்கிறார்கள். முதல் தடவை எந்தப் பொருளும் கொண்டுபோகாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் நோயாளியை விட அவரைப் பார்த்துக்கொள்கிற பெண்தான் அதிகம் களைத்திருப்பார். நீங்கள் இரண்டு மணி நேரம் அங்கே இருந்தால் அவர் தலைக்குக் குளித்துவிட்டு வருவார். போட்டோ எடுக்க வேண்டாம். ஆக்சிஜன் மெஷின் இருக்கும் வீட்டில், கரண்ட் போனால் யாருக்கு போன் செய்வது என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சிலிகோசிஸ்காரர்களிடம் வேலை பார்த்த காகிதங்கள் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் ஜெராக்ஸ் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நஷ்ட ஈடு கேட்கப் போகும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள். மனு எழுதிக் கொடுப்பதும் இந்த வேலைக்குள் வரும்.

பட்டியல் போடும்போது, போன் செய்தவர்கள் வீடுகளை மட்டும் எழுதாதீர்கள். உங்கள் தெருவில் யார் வீட்டுக்கு யாருமே போவதில்லை என்று விசாரித்து அதையும் எழுதுங்கள். அங்கே போக முடிந்தவர் போகட்டும், முடியாதவரை வற்புறுத்த வேண்டாம்.

அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: புண் பாதி ஆறியிருக்கிறது. இப்போது படுக்கைப் புண்ணுக்கான காற்று மெத்தை, ஆல்பா பெட், வந்துவிட்டது. பெரியம்மா இன்னும் அந்த வீட்டுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு ஊரிகம் பக்கம் புதிதாக இரண்டு வீடு, அதற்கு அவர்தான் முன்னால் போகிறார்.